ஞாயிற்றுக்கிழமை மட்டும் அடங்கும் வயிறு

கேள்வி: வயது 34. பனியன் கம்பெனியில் கணக்கு வேலை. காலையில் பஸ் ஏறுவதற்குள் மூன்று முறை கழிவறைக்குப் போகிறேன். ஞாயிறு பரவாயில்லை. உப்புசம், ஏப்பம், நாக்கில் வெள்ளை, மலத்தில் சளி, தக்காளித் தோல். ஒன்றரை வருடமாக பான்டோபிரசோல் போடுகிறேன். சில நாள் இரவிலும் எழுந்து போகிறேன். தாய்மாமாவுக்கு 64 வயதில் குடலில் புற்றுநோய் வந்தது. – வாசகர், திருப்பூர்

பதில்: நீங்கள் கேட்க வந்தது கடைசி வரியைத்தான். லீவு நாளில் அடங்கி, திங்கட்கிழமை காலை திரும்பிவரும் புற்றுநோயை நான் பார்த்ததில்லை. அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்களில் யாருக்காவது வந்திருந்தால், 40 வயதிலேயே கொலனோஸ்கோப்பி (குழாய் விட்டுப் பெருங்குடலின் உள்ளே பார்ப்பது) செய்யச் சொல்லியிருப்பேன்.

பரீட்சைக்கு முன் ‘வயிற்றைக் கலக்குது’ என்போமே, உங்களுக்கு அது தினமும் நடக்கிறது. பெரும்பாலும் இது ஐ.பி.எஸ். (IBS), அதாவது புண்ணோ கட்டியோ இல்லாமலே சட்டென்று கலங்கிவிடும் குடல். குடல் சுவரில் 10 கோடிக்கும் மேல் நரம்பணுக்கள் உண்டு. மூளையின் பதற்றம் அவற்றுக்கு உடனே எட்டிவிடும். அப்போது இரைப்பை மந்தமாகும், பெருங்குடல் வேகம் பிடிக்கும். மேலே உப்புசம், கீழே ஓட்டம்.

தக்காளித் தோல் யாருக்குமே செரிப்பதில்லை. சளி குடலின் வழவழப்புக்காகச் சுரப்பது. நாக்கை வழித்துவிட்டு மறந்துவிடுங்கள்.

பான்டோபிரசோலை யார் எழுதிக் கொடுத்தார்கள்? மெடிக்கல் ஷாப்பில் நீங்களாகக் கேட்டு வாங்கியதுதானே? அது அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை. அதனாலேயே சிலருக்கு வயிற்றுப்போக்கு வரும். வருடக்கணக்கில் போட்டால் வைட்டமின் பி12 குறையலாம். திடீரென்று நிறுத்தினால் அமிலம் பொங்கும். மருத்துவரிடம் கேட்டுப் படிப்படியாக விடுங்கள்.

என்னை நிறுத்தியது ‘இரவிலும் எழுந்து போகிறேன்’ என்ற வார்த்தைதான். கவலையில் புரண்டு படுத்து, விழித்தது விழித்தோம் என்று போய்விட்டு வருகிறீர்களா? அப்படியானால் பயமில்லை. நன்றாகத் தூங்கும்போது வயிறு முடுக்கி எழுப்பி, ஓடவைக்கிறதா? பதற்றத்தால் கலங்கும் குடல் பொதுவாக அப்படிச் செய்யாது. குடல் அழற்சி செய்யும். இரண்டு வாரம் தலைமாட்டில் ஒரு தாளில் குறித்து வையுங்கள்: மணி எத்தனை, எது முதலில், விழிப்பா, வயிறா?

வயிறுதான் எழுப்புகிறது என்றால் தாமதிக்காமல் குடல்நோய் மருத்துவரைப் பாருங்கள். இல்லாவிட்டாலும் ஹீமோகுளோபினும், மலத்தில் கால்ப்ரொடெக்டினும் (குடல் அழற்சியைக் காட்டிக்கொடுக்கும் புரதம்) ஒருமுறை பார்த்துவிடலாம். எடையும் பார்க்கவேண்டும், சொல்லவே இல்லையே?

அதுவரை, முக்கால் மணி முன்னதாக எழுந்து இட்லியைச் சாப்பிட்டுவிடுங்கள். இரைப்பை நிரம்பினால் பெருங்குடல் தள்ளும். அந்த வேலை பஸ் ஸ்டாப்புக்குப் போவதற்கு முன், வீட்டிலேயே முடியட்டும். மலத்தில் ரத்தம் கண்டால் மட்டும், ‘மூலமாக இருக்கும்’ என்று நீங்களே களிம்பு வாங்கப் போய்விடாதீர்கள்.