லேவியருக்கு ஈசிஆரில் மனை உண்டா?

கேள்வி: எங்கள் சபையில் தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு, கட்டாயம் என்கிறார்கள். அதுவும் பி.எஃப்., வரி எல்லாம் பிடிப்பதற்கு முந்தைய சம்பளத்தில். மோசே இஸ்ரவேலருக்குக் கொடுத்த சட்டம், கொளத்தூரில் வாடகை வீட்டில் இருக்கும் எனக்கும் பொருந்துமா?
- ஒரு வாசகி, கொளத்தூர்

பதில்: வாடகை வீடு என்று எழுதிவிட்டீர்கள். தசமபாகம் கொஞ்சம் காத்திருக்கட்டும்.

அட்வான்ஸ் எத்தனை மாதம் கொடுத்தீர்கள், சகோதரி? பத்தாகத்தான் இருக்கும். சென்னையில் பத்துக் கணக்கைக் கட்டாயமாக்கியதில் எந்தச் சபையும் வீட்டுக்காரர்களை மிஞ்ச முடியாது. தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம், முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்கிறது. கூடவே, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் என்று ஒரு சின்ன வாசகம். அந்த வாசகத்துக்குள் ஊரிலுள்ள வீட்டுக்காரர்கள் அத்தனை பேரும் குடியேறிவிட்டார்கள். அதற்கு மட்டும் அட்வான்ஸ் கிடையாது.

இதை எழுதும்போதெல்லாம் சொந்த வீடு வைத்திருக்கும் வாசகர்கள் என்னைத் திட்டிக் கடிதம் போடுகிறார்கள். இந்த முறை மோசேயைத் திட்டட்டும். பைபிளில் அவர் சட்டம் இருக்கும் உபாகமம் புத்தகத்தின் 24-ம் அதிகாரத்தைப் பாருங்கள். கடன் கொடுத்தவன் அடகுப் பொருளை எடுக்கக் கடனாளியின் வீட்டுக்குள் நுழையக் கூடாது. வெளியே நிற்க வேண்டும், அவனே கொண்டுவந்து கொடுப்பான். ஏழையின் போர்வையை அடகாக வாங்கினால் பொழுது சாயும்போது திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கடன் கொடுத்தவனுக்கே வாசல்தான் எல்லை. நம் வீட்டுக்காரரோ, குழாய் ஒழுகுகிறதா என்று பார்க்க வந்தவர் அடுப்படிவரை போய், குழம்பு என்னவென்று மோப்பம் பிடித்து, ஊரிலிருந்து வந்த விருந்தாளிகளைத் தலை எண்ணிவிட்டு, மறுநாள் மோட்டார் போடும் நேரத்தைக் குறைத்துவிடுகிறார். அட்வான்ஸ் பொழுது சாய்வதற்குள் திரும்பி வந்ததாக இதுவரை ஒரு வாசகரும் எழுதவில்லை. பெயிண்ட் அடிக்க ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டதாகத்தான் எழுதுகிறார்கள்.

சரி, தசமபாகம். தசமபாகம் முழுவதையும் ஆலயத்துக்குக் கொண்டுவாருங்கள் என்னும் மல்கியா 3:10-ஐ உங்கள் சபையில் மனப்பாடமாகவே கேட்டிருப்பீர்கள். உபாகமம் 14 காதில் விழுந்திருக்காது. தானியம், திராட்சரசம், எண்ணெய் இவற்றில் பத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு போய், கர்த்தர் தெரிந்துகொண்ட இடத்தில் குடும்பத்தோடு சாப்பிட்டுச் சந்தோஷமாக இரு என்கிறது அது. இடம் தூரமென்றால் விற்றுக் காசாக்கிக்கொண்டு போய் அங்கே வேண்டியதை வாங்கிக்கொள்ளலாம். வாங்கக்கூடியவற்றின் பட்டியலில் மதுபானமும் இருக்கிறது. (டாஸ்மாக் வாசலில் இந்த அதிகாரத்தைத் தேடும் சகோதரர்களே, கர்த்தருடைய சந்நிதியில் என்றும் போட்டிருக்கிறது.) மூன்றாம் வருஷப் பங்கு ஊர்வாசலில் வைக்கப்படும். லேவியன் (ஆராதனைப் பணிக்கென்று ஒதுக்கப்பட்ட லேவி கோத்திரத்தான்), பரதேசி (வேற்று நாட்டான்), திக்கற்ற பிள்ளை, விதவை வந்து வயிறாரச் சாப்பிடுவார்கள்.

எண்ணாகமம் 18 தசமபாகத்தை லேவியருக்கே தருகிறது, உண்மைதான். காரணத்தையும் அங்கேயே சொல்கிறது: அவர்களுக்கு நிலத்தில் பங்கு கிடையாது. வாங்கியதில் பத்தில் ஒன்றை அவர்களும் மேலே செலுத்த வேண்டும். ஆகவே ஈசிஆரில் இரண்டு கிரவுண்டு மனை வைத்திருக்கும் லேவியர் யாராவது உங்களிடம் கேட்டால், ஐயா எந்தக் கோத்திரம் என்று மரியாதையாக விசாரியுங்கள்.

பி.எஃப். பிடிப்பதற்கு முன்பா பின்பா என்பதற்கு மோசேயிடம் பதில் இல்லை. அவர் சட்டத்தில் கூலிக்காரனின் கூலி அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் முழுசாகக் கைக்கு வந்துவிட வேண்டும். பிடித்தம் பேசப் பொழுது ஏது?

மோசேக்கு முன்பே ஆபிரகாம், ராஜாவும் ஆசாரியனுமான மெல்கிசேதேக்குக்குத் தசமபாகம் கொடுத்தாரே என்று போதகர் அடுத்த அம்பை எடுப்பார். கொடுத்தார். போரில் மீட்டு வந்த பொருளிலிருந்து கொடுத்தார். மாதாமாதம் கொடுத்ததாக ஆதியாகமத்தில் இல்லை. சில ஆபீஸ்கள் போர்க்களம்தான், ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் ஒன்றாம் தேதிச் சம்பளத்தைக் கொள்ளைப் பொருள் என்று சொல்ல முடியாது.

பொருந்துமா என்ற உங்கள் கேள்வி எருசலேமில் அப்போஸ்தலர்கள் முன்பே வந்துவிட்டது. யூதரல்லாத விசுவாசிகள் மோசேயின் சட்டத்தைச் சுமக்க வேண்டுமா? கூடிப் பேசிக் கடிதம் எழுதினார்கள். அப்போஸ்தலர் 15-ல் இருக்கிறது. விக்கிரகங்களுக்குப் படைத்தது, இரத்தம், நெரித்துக் கொன்றது, வேசித்தனம்: இந்த நான்கையும் விலக்குங்கள், போதும் என்றார்கள். தசமபாகம் அதில் இல்லை. இரத்தம் இருக்கிறது. ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு கறிக்கடைக்குப் போய், ரத்தம் தனியாகக் கட்டுங்க பாய், பொரியலுக்கு என்று சொல்லும் விசுவாசியை எந்தப் பிரசங்கியாராவது தடுத்ததுண்டா? தடுத்தால் காணிக்கைப் பை காலியாகத் திரும்பும். கொடுப்பதைப் பற்றிப் பவுல் கொரிந்தியருக்கு எழுதியது "விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல". உங்கள் சபைக்காரர்கள் அதை 2 கொரிந்தியர் 9:7-ல் பார்த்துக்கொள்ளட்டும்.

அதற்காகப் பழைய ஏற்பாடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரண்டாம் நூற்றாண்டில் மார்சியன் என்ற கிறிஸ்தவப் போதகர் அப்படித்தான் சொன்னார். ரோமாபுரிச் சபை அவரையே வேண்டாம் என்றுவிட்டது. இந்த ஊருக்கென்றே எழுதியதுபோல் ஒரு கட்டளை அதில் இருக்கிறது, உபாகமம் 22:8. புது வீடு கட்டினால் மேல்தளத்துக்குக் கைப்பிடிச்சுவர் கட்டு, யாராவது விழுந்தால் பழி உன் வீட்டின்மேல். இஸ்ரவேலருக்கும் நமக்கும் மொட்டைமாடி பொது. அவர்களும் ராத்திரியில் அங்கே படுத்தார்கள். நாம் வற்றல் காயவைக்கிறோம், பிள்ளைகள் பட்டம் விடுகிறார்கள். இங்கே சில வீடுகளில் அடுத்த மாடி எழுப்பும் ஆசையில் கம்பியை நீட்டி விட்டிருப்பார்கள், சுவர் முழங்கால் உயரத்தில் நிற்கும்.

உங்கள் வீட்டு மாடியைப் போய்ப் பாருங்கள். சுவர் இடுப்பளவு இல்லையென்றால் வீட்டுக்காரரிடம் வசனத்தோடு கேளுங்கள். அதெல்லாம் யூதர்களுக்குச் சொன்னது என்று அவர் தட்டிக்கழித்தால், அவர் எந்தச் சபைக்குப் போகிறார், அங்கே தசமபாகம் உண்டா என்று விசாரித்து எழுதுங்கள்.