பழுதில்லாத மரபணு அல்சைமரை எப்படி வரவழைக்கிறது?

டவுன் நோய்க்குறியில் 21ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருக்கிறது, ஆனால் அதிலுள்ள மரபணுக்களில் பழுது ஏதும் இல்லையே, பிறகு அல்சைமர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

அளவு கூடினாலே போதும். ஒரு மரபணுவுக்கு இரண்டு படிகள் (நகல்கள்) இருக்கவேண்டிய இடத்தில் மூன்று இருந்தால், புரதம் செய்வதற்கான செய்தியை ஏந்தும் ஆர்என்ஏ ஏறத்தாழ 1.5 மடங்கு உருவாகும். புரதமும் அதே அளவு கூடும் என்று மட்டும் முடிவு கட்டிவிடாதீர்கள். கூட்டாகச் சேர்ந்து இயங்கும் புரதங்களில், துணை கிடைக்காத உபரியைச் செல்லே சிதைத்துவிடும். ஆகவே 21இல் உள்ள இருநூற்றுக்கு மேற்பட்ட மரபணுக்களும் ஒரே அளவுக்குத் தீங்கு செய்வதில்லை.

அல்சைமரைப் பொறுத்தவரை முதல் குற்றவாளி 21இல் இருக்கும் ஏபிபி என்ற மரபணு; அது உருவாக்கும் புரதத்துக்கும் அதே பெயர்தான். பீட்டா செக்ரிடேஸ், காமா செக்ரிடேஸ் என்ற இரு நொதிகள் இந்தப் புரதத்தை அடுத்தடுத்து வெட்டும்போது அமிலாய்டு பீட்டா உண்டாகிறது. பிறப்பதற்கு முன்பிருந்தே உற்பத்தி கூடுதல் என்பதால், 40 வயதுக்குள் ஏறக்குறைய எல்லோர் மூளையிலும் அமிலாய்டு படிவுகளும், டவ் என்ற புரதம் முறுக்கிக்கொண்டு உண்டாகும் டவ் சிக்கல்களும் சேர்ந்துவிடுகின்றன. மறதிநோய் பெரும்பாலும் 50களில் வெளிப்படும்.

இதற்குச் சான்று இரு பக்கமும் உண்டு. டவுன் நோய்க்குறியே இல்லாமல் ஒரு குரோமோசோமில் ஏபிபி மட்டும் இரட்டித்து மொத்தம் மூன்று படியான குடும்பங்களில் இளவயது அல்சைமர் வருவது 2006இல் தெரியவந்தது. மறுபுறம், 21இன் ஒரு பகுதி மட்டும் மூன்று படியாகி, ஏபிபி இரண்டாகவே இருந்த ஒரு பெண்மணிக்கு 78 வயதிலும் அல்சைமர் இல்லை. எனக்கு இந்த இரண்டாவதுதான் வலுவான சான்றாகப் படுகிறது.

படிவு தோன்றும் முன்பே கோளாறு தொடங்கிவிடுகிறது. ஏபிபி புரதத்தின் முதல் வெட்டில் மிஞ்சும் துண்டு, செல்லுக்குள் பொருள்களைக் கொண்டுசெல்லும் பைகளான எண்டோசோம்களை வீங்கவைக்கும். அதனால் நரம்பு வளர்ச்சிக் காரணி, நரம்புச் செல்லின் நீண்ட இழையான ஆக்ஸான் வழியே செல்லுடலை வந்தடைவது தடைபடும். அதை நம்பி வாழும் அசிட்டைல்கோலினைச் சுரக்கும் நியூரான்கள் நலியும். கூடவே டிர்க்1ஏ என்ற நொதி, அதுவும் 21இல் இருப்பதுதான், டவ் மீது பாஸ்பேட்டை அதிகம் ஏற்றுகிறது.

பார்கின்சனிலும் இதே கணக்கைப் பார்க்கலாம். பார்கின்சனில் மூளையில் திரளும் ஆல்ஃபா சைனியூக்ளின் புரதத்துக்கான மரபணு மூன்று படியானால் நோய் பெரும்பாலும் நடுவயதில் வரும். நான்கானால் 30களிலேயே வரக்கூடும், வேகமாகவும் முற்றும்.

இளவயது மறதிநோய் ஓடும் குடும்பத்துக்குப் பரிசோதனை செய்வதானால் ஒன்றைக் கவனியுங்கள்: மரபணுவை வெறுமனே வரிசைப்படுத்தினால் எழுத்து மாற்றம் தெரியும், இரட்டிப்பு கண்ணில் படாமல் போகலாம். படிகளை எண்ணும் எம்எல்பிஏ போன்ற சோதனையும் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.