பேர்கன் போகும் தம்பிக்கு: விரைவு மின்னேற்றம் பற்றி

அன்புள்ள தம்பி, ஒஸ்லோவில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு பழைய நிசான் லீஃப் மின்சாரக் கார் ஒன்றை வாங்கலாமா, பேர்கனில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்வர எந்த நிறுவனத்தின் விரைவு மின்னேற்றிகளை நம்பலாம் என்று கேட்டிருந்தீர்கள். ஒன்பது ஆண்டுகளாக இந்த நாட்டில் மின்சாரக் கார் ஓட்டுகிறேன். நிறுவனத்தின் பெயரைப் பார்ப்பதற்கு முன் காரின் செருகியைப் பாருங்கள் என்பதே என் பதில்.

2024இல் நோர்வேயில் விற்பனையான புதிய கார்களில் 88.9 சதவீதம் முழு மின்சாரக் கார்கள் என்பதால், பெருஞ்சாலைகளில் மின்னேற்றிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் புதிதாக நிறுவப்படுபவை பெரும்பாலும் சிசிஎஸ் என்ற, இன்று ஐரோப்பாவில் பெரும்பாலான மின்சாரக் கார்களில் உள்ள செருகிக்கு உரியவை. பழைய லீஃப்பில் இருப்பதோ சாடெமோ என்ற வேறு வகைச் செருகி. டெஸ்லா 2022 ஜனவரியில் இங்கு தன் மின்னேற்ற நிலையங்கள் சிலவற்றைப் பிற கார்களுக்குத் திறந்துவிடத் தொடங்கியபோதும், அங்கும் சிசிஎஸ் மட்டுமே என்பதால் லீஃப்காரர்களுக்கு அதனால் பயன் கிட்டவில்லை. மற்ற நிறுவனங்களின் நிலையங்களில் சாடெமோ இருந்தாலும் பல இடங்களில் ஒரே ஒரு வடம்தான், அதற்கும் ஒருவர் முன்னால் நிற்பார். 40 கிலோவாட் மணி பற்றரியுள்ள லீஃப் கடுங்குளிரில் 150 கிலோமீற்றர் அளவுக்கே ஓடும். பேர்கனோ ஏறத்தாழ 470 கிலோமீற்றர். அந்தப் பற்றரிக்குக் குளிரூட்டும் அமைப்பும் இல்லாததால், ஒரே நாளில் பலமுறை விரைவாக ஏற்றினால் சூடேறி வேகம் குறைந்துவிடும். ஒஸ்லோவுக்குள் வேலைக்குப் போய்வர மட்டுமென்றால் தாராளமாக வாங்குங்கள். பேர்கன் பயணம் அடிக்கடி உண்டென்றால், சற்றுக் கூடுதலாகக் கொடுத்தாவது சிசிஎஸ் உள்ள காரையே எடுங்கள்.

சிசிஎஸ் கார் வாங்கினால் தெரிவுகள் நிறைய உண்டு. டெஸ்லாவின் பலம் ஒரே இடத்தில் நிற்கும் மின்னேற்றக் கம்பங்களின் எண்ணிக்கை. மாதச் சந்தா கட்டினால் பிற கார்களுக்கும் விலை இறங்கும். அயோனிட்டி நிறுவனத்தின் கம்பங்கள் பலவும் 350 கிலோவாட் வரை தரும், ஆனால் உங்கள் கார் 100 கிலோவாட்தான் வாங்குமென்றால் அந்த வேகத்தால் உங்களுக்கு ஆவது ஒன்றுமில்லை. நோர்வேயின் மேற்குக் கரையோரத்தில் எவினி நிறுவனத்தின் நிலையங்கள் அதிகம். ரீசார்ஜ், மேர் ஆகிய நிறுவனங்களின் நிலையங்களையும் வழியில் காண்பீர்கள். நோர்வே மின்கார்ச் சங்கத்தின் மின்னேற்ற வில்லையை (கம்பத்தில் காட்டினால் மின்னேற்றம் தொடங்கும் சிறு வில்லை) இந்நிறுவனங்களின் செயலிகளில் பதிந்து வைத்தால் வழியில் கைப்பேசியோடு மல்லுக்கட்ட வேண்டாம். 2023 ஜூலை முதல் நிறுவப்படும் விரைவு மின்னேற்றிகளில் வங்கி அட்டையும் செல்லும்.

ஒரு பெப்ரவரியில், பேர்கன் வழியில் உள்ள கோல் என்ற ஊரில், குளிர் கழித்தல் 18 பாகையாக இருந்தபோது, 150 கிலோவாட் என்று எழுதியிருந்த கம்பத்தில் காரைச் செருகினேன். வடம் உறைந்து இரும்புக் கம்பி போல விறைத்திருந்தது. இரு கைகளாலும் வளைத்துத்தான் செருக முடிந்தது. திரையிலோ 31 கிலோவாட்தான் காட்டியது. பிள்ளைகள் பின்னிருக்கையில் போர்வைக்குள் இருக்க, ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தோம். கம்பத்தில் பழுதில்லை, பற்றரிதான் குளிர்ந்து கிடந்தது. காரின் வழிகாட்டியில் மின்னேற்ற நிலையத்தையே சேருமிடமாகக் கொடுத்தால் பல கார்கள் போகும் வழியிலேயே பற்றரியைச் சூடாக்கிக்கொள்ளும் என்பதை அதன் பிறகுதான் அறிந்தேன். வாங்கப்போகும் காரில் அந்த வசதி இருக்கிறதா என்று விற்பவரிடம் கட்டாயம் கேளுங்கள்.

குளிர்காலத்தில் 7ஆம் இலக்கப் பாதையில் போவதானால், மலைமேட்டுக்கு முன் வரும் கெய்லோ என்ற ஊரில் தேவைக்கு மேலாகவே ஏற்றிக்கொள்ளுங்கள், தம்பி. ஹர்டங்கர் மேட்டுநிலத்தில் பனிப்புயல் அடித்தால் வாகனங்களை வரிசையாகச் சேர்த்து, பனியகற்றும் வண்டியின் பின்னால்தான் விடுவார்கள். அந்த வரிசைக்காகக் காத்திருக்கும் நேரம் முழுவதும் காரின் உட்சூட்டுக்கும் அதே பற்றரிதான்.