மாத்திரையை நிறுத்தாதீர்கள், மாற்றுங்கள்

கேள்வி: என் மகளுக்கு வயது 23. பி.எட். முடித்துவிட்டு மன்னார்குடியில் ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்க்கிறாள். 15 வயதில் ஒரு நாள் விடியற்காலையில் வலிப்பு வந்தது. அன்றிலிருந்து சோடியம் வால்புரோயேட் மாத்திரை, காலை 500, இரவு 500. கடைசியாக வலிப்பு வந்தது மூன்று வருடத்துக்கு முன்பு. கோயில் திருவிழாவில் கண்விழித்து, மாத்திரையையும் மறந்துபோன இரவுக்கு மறுநாள் காலை. சிறு வயதில் காலையில் காபி டம்ளர் கையிலிருந்து தெறித்து விழும். கவனமில்லை என்று திட்டியிருக்கிறேன். இப்போது கும்பகோணம் பக்கம் ஒரு வரன் கூடி வந்திருக்கிறது. வைகாசியில் கல்யாணம், இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. "மூன்று வருடமாக வரவில்லையே, மாத்திரையை நிறுத்திவிடு, மாப்பிள்ளை வீட்டில் சொல்லாதே" என்கிறார் என் நாத்தனார். ஸ்டெம் செல் ஊசி போட்டால் வலிப்பு அடியோடு போய்விடும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு காணொளி வந்தது. புதிய ஆராய்ச்சிகளில் என் மகளுக்கு வழி ஏதும் உண்டா?

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவிய வரி அந்தக் காபி டம்ளர்தான். தஞ்சாவூரில் இருபது ஆண்டுகளாக வலிப்பு நோயாளிகளைப் பார்த்து வருகிறேன். இந்த வகை வலிப்புள்ள பிள்ளைகளில் "கையில் பிடிமானம் இல்லை" என்று வீட்டில் திட்டு வாங்காதவர்கள் குறைவு. தூங்கி எழுந்த சிறிது நேரத்துக்குள் தோளும் கையும் ஒரு நொடி வெட்டி உதறும். நினைவு தப்பாது. டபரா ஒரு பக்கம், டம்ளர் ஒரு பக்கம், காபி சுவரில். பதின்ம வயதில் தொடங்கும் இதற்கு ஜுவெனைல் மயோகுளோனிக் எபிலெப்சி என்று பெயர். கண்விழிப்பும் மாத்திரை மறப்பும்தான் இதைத் தட்டி எழுப்புபவை. உங்கள் மகளுக்குத் திருவிழாவில் நடந்தது அதுவே. கடிதத்தை வைத்து நோயை உறுதி செய்ய முடியாது, மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் பழைய இ.இ.ஜி.யைப் பார்க்க வேண்டும். ஆனால் சந்தேகம் பலமாகவே இருக்கிறது.

நாத்தனார் சொன்னதை முதலில் முடித்துவிடுகிறேன். மூன்று வருடமாக வரவில்லை என்றால் மாத்திரை வேலை செய்கிறது என்று பொருள். ஆடு மேயவில்லை என்று வேலியைப் பிரித்துப் போடுவார்களா? சில வகை வலிப்புகளில் சில வருடங்கள் கழித்து மருந்தைக் குறைத்து நிறுத்திப் பார்ப்பது உண்டு. இந்த வகையில் நிறுத்தியவர்களில் பெரும்பாலோருக்குத் திரும்பி வருகிறது. அதுவும் திடீரென்று நிறுத்தினால் விட்டுவிட்டு வராமல் தொடர்ந்து வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே இந்தப் பேச்சை வீட்டில் இன்றோடு விட்டுவிடுங்கள்.

புதிய ஆராய்ச்சி என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் மகளுக்கு உண்மையில் பயன்படும் ஆராய்ச்சி புதிய மருந்தைப் பற்றியது அல்ல. அவள் எட்டு வருடமாகச் சாப்பிட்டு வரும் அந்தப் பழைய மாத்திரையைப் பற்றியது.

வால்புரோயேட் நல்ல மருந்து. இந்த வகை வலிப்புக்கு அதைப் போல் கேட்கும் மருந்து வேறு இல்லை என்றே சொல்லலாம். 15 வயதில் அதை எழுதிக் கொடுத்தவரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை வளர்ந்து கல்யாண வயதுக்கு வந்த பிறகும் சீட்டை யாரும் மாற்றி எழுதாமல் விட்டதுதான் தவறு. 42 நாடுகளில் 7,355 கர்ப்பங்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2018இல் வெளியானது. தாய் வால்புரோயேட் மட்டும் சாப்பிட்டு வந்தபோது 100 குழந்தைகளில் 10 பேருக்குப் பிறவிக் குறைபாடு இருந்தது. லாமோட்ரிஜின், லெவடிராசிட்டம் ஆகிய வேறு வலிப்பு மருந்துகளில் 100க்கு 3 பேர்தான். மருந்தே சாப்பிடாத தாய்மார்களின் குழந்தைகளிலும் கிட்டத்தட்ட இதே அளவில் குறைபாடுகள் உண்டு. 2013இல் வந்த இன்னொரு ஆய்வு குழந்தைகளை ஆறு வயது வரை பின்தொடர்ந்தது. வயிற்றில் இருந்தபோது வால்புரோயேட்டுக்கு உட்பட்ட குழந்தைகளின் நுண்ணறிவு எண் மற்ற மருந்துகளுக்கு உட்பட்டவர்களைவிட 8 முதல் 11 வரை குறைந்திருந்தது. கருத்தரிக்கும் வயதுப் பெண்களுக்கு இந்த மருந்தைத் தவிர்க்கச் சொல்லி உலக சுகாதார நிறுவனமும் அறிவுறுத்துகிறது.

இதை உங்களைப் பயமுறுத்த எழுதவில்லை, நாள் கணக்குக்காக எழுதுகிறேன். குழந்தையின் முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புக் குழாய் கரு உண்டான நான்கு வாரத்துக்குள் மூடிவிடும். அது சரியாக மூடாமல் போவது இந்த மருந்தால் வரும் குறைபாடுகளில் ஒன்று. நாள் தள்ளிப்போயிற்று என்று உங்கள் மகள் உங்களிடம் சொல்லும்போதே அந்த வேலை முடியும் தறுவாயில் இருக்கும். "உண்டான பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்பது இதனால்தான் எடுபடாது. மாற்றுவதை இப்போதே தொடங்க வேண்டும். ஆறு மாதம் அதற்குப் போதும்.

மாற்றுவது என்றால் இன்று ஒன்றை நிறுத்தி நாளை இன்னொன்றைத் தொடங்குவது அல்ல. புதிய மருந்தைச் சிறிது சிறிதாக ஏற்றி, அது நிலைத்த பிறகு பழையதை இறக்க வேண்டும். லாமோட்ரிஜினை வால்புரோயேட்டோடு சேர்த்துத் தொடங்கும்போது நாங்கள் இன்னும் மெதுவாகவே ஏற்றுவோம், ஏனென்றால் பழைய மருந்து புதியதை உடலை விட்டு வெளியேற விடாது. வேகமாக ஏற்றினால் தோல் தடிப்பு வந்து பெரிய சிக்கலாகலாம். தடிப்போ வாய்ப்புண்ணோ கண்டால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். லெவடிராசிட்டம் சீக்கிரம் ஏற்றக்கூடியது, ஆனால் சிலருக்கு முன்கோபத்தைக் கொடுக்கும். புகுந்த வீட்டில் புது மருமகள் எரிந்து விழுந்தால் மாத்திரையைச் சந்தேகிக்கும் நல்ல மனம் யாருக்கும் வராது. அதனால்தான் கல்யாணத்துக்கு முன்பே பார்த்துவிடலாம் என்கிறேன். மருந்து மாறும் மாதங்களில் கை உதறல் திரும்பவும் எட்டிப் பார்க்கலாம். மிகச் சிலருக்கு வேறு எதுவும் கேட்காமல், குறைந்த அளவில் வால்புரோயேட்டுக்கே திரும்ப வேண்டியும் வரலாம். அப்போது விவரம் எல்லாம் தெரிந்து உங்கள் மகளே முடிவெடுப்பாள். கூடவே ஃபோலிக் அமில மாத்திரையை இப்போதே தொடங்கிவிடலாம். கர்ப்பத்தில் லாமோட்ரிஜினின் அளவு ரத்தத்தில் இறங்கிவிடும், மாதாமாதம் பார்த்து ஏற்ற வேண்டியிருக்கும். அதைப் பிறகு பேசலாம்.

ஸ்டெம் செல் காணொளிக்கு வருகிறேன். மூளையின் வலிப்பை அடக்கும் வகை நரம்பணுக்களை ஆய்வகத்தில் வளர்த்து, பொட்டுப் பகுதியில் தோன்றும் ஒரு குறிப்பிட்ட வலிப்பு உள்ளவர்களுக்கு மூளையிலேயே செலுத்திப் பார்க்கும் ஆய்வு அமெரிக்காவில் நடந்து வருவது உண்மை. அது ஆய்வு, சிகிச்சை அல்ல. உங்கள் மகளின் வலிப்பு அந்த வகையும் அல்ல. லட்சக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு இங்கே ஊசி போடுகிறோம் என்பவர்களுக்கு அந்த ஆய்வோடு எந்த உறவும் இல்லை. நிலத்தை அடகு வைத்துவிட்டு அப்படிப்பட்டவர்களிடம் போய் வந்த ஒருவரைப் போன மாதம்தான் பார்த்தேன். மனம் ஆறவில்லை.

வேறு வீடுகளில் இதைப் படிப்பவர்களுக்காகவும் ஒன்று. சரியாகத் தேர்ந்தெடுத்த இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் சாப்பிட்டும் வலிப்பு நிற்கவில்லை என்றால் மூன்றாவது, நான்காவது மாத்திரையாக வருடங்களை ஓட்டாதீர்கள். டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், மருந்துக்கு அடங்காத வலிப்புள்ள 116 சிறுவர் சிறுமியரில் 57 பேருக்கு அறுவை சிகிச்சை செய்தார்கள். ஒரு வருடத்தில் அவர்களில் 77 சதவீதம் பேருக்கு வலிப்பு நின்றுவிட்டது. மருந்து மட்டும் சாப்பிட்டவர்களில் 7 சதவீதம் பேருக்குத்தான் நின்றது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் 1995 முதல் இந்த அறுவை சிகிச்சை நடக்கிறது. உங்கள் மகளுக்கு இது தேவையில்லை.

மாப்பிள்ளை வீட்டில் சொல்லலாமா என்றால், சொல்லித்தான் ஆக வேண்டும். 1955ஆம் வருட இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு நோய் திருமணத்துக்குத் தடையாக எழுதப்பட்டிருந்தது. 1999இல் செய்த திருத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள். சட்டமே விட்டுவிட்டதை நாம் ஏன் ஒளித்து வைக்க வேண்டும்? மறைத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். புகுந்த வீட்டில் யாரும் பார்க்காதபடி மாத்திரை சாப்பிட வேண்டும், அதனால் மறக்கும், மறந்தால் வரும். இப்படித்தான் புதுப்பெண்கள் எனக்கு முதல் முறையாக அறிமுகமாகிறார்கள். பெரியவர்களை விட்டுவிட்டு முதலில் அந்தப் பையனிடம் உங்கள் மகளே பேசட்டும். பிறக்கும் குழந்தைக்கும் வருமா என்று கேட்பார்கள். 100க்கு 90க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு வருவதில்லை என்று தைரியமாகச் சொல்லலாம்.

கல்யாணத்தில் எனக்குப் பயம் முகூர்த்த நேரம்தான். நம் பக்கத்தில் விடியற்காலை நாலரை மணி முகூர்த்தம் என்றால், முதல் நாள் இரவு வரவேற்பு முடிந்து பெண் படுக்க நள்ளிரவு தாண்டிவிடும். மூன்று மணிக்கு எழுப்பித் தலை பின்னத் தொடங்கிவிடுவார்கள். இந்த வலிப்புக்கு இதைவிட நல்ல அழைப்பிதழ் கிடையாது. ஜோசியரிடம் ஒன்பது மணிக்கு மேல் ஒரு முகூர்த்தம் கேளுங்கள், கொடுப்பார். இ.இ.ஜி.யில் வெளிச்சத்துக்கு மாற்றம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு, அப்படி இருந்தால் போட்டோக்காரரிடம் ஃபிளாஷைக் குறைக்கச் சொல்ல வேண்டும்.

வைகாசியில் கல்யாணம் என்றால் அடுத்து வருவது ஆடிப்பெருக்கு. தாலி பிரித்துக் கோர்க்க ஆற்றுக்கு அழைத்துப் போவீர்கள். போகட்டும். மேட்டூர் திறந்து ஆறும் வாய்க்காலும் நிறைந்து ஓடும் காலம் அது, நீரில் வலிப்பு வந்தால் உயிர் போகக் கணுக்கால் ஆழமே போதும். படித்துறையின் கடைசிப் படியில் உட்கார்ந்து சொம்பால் ஊற்றிக்கொள்ளட்டும், கையெட்டும் தூரத்தில் நீச்சல் தெரிந்த ஒருவர் இருக்கட்டும்.

ஒருவேளை வலிப்பு வந்துவிட்டால் சாவிக்கொத்தைத் தேடாதீர்கள். இரும்பைக் கையில் கொடுத்ததும் நின்றது என்பார்கள். பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் அது தானாகவே நிற்கும், சாவி வந்து சேரவும் அவ்வளவு நேரம்தான் ஆகிறது. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் மூக்கில் அடிக்கும் மிடாசோலம் மருந்து, உடனே 108. அந்த மருந்துக்கும் சீட்டு வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வாரமே ஒரு நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். தஞ்சாவூருக்கு வர முடிந்தால் நானே பார்க்கிறேன். பழைய இ.இ.ஜி., மாத்திரை அட்டை, மாதவிடாய்த் தேதிகள் எழுதிய தாள் மூன்றையும் கொண்டுவர வேண்டும். அதற்குள் ஒரு காலையில் கை உதறினால் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். அதுவரை 500, 500 அப்படியே தொடரட்டும்.