ரிமோட்டில் ஓடும் ஸ்லாஷ் டிரக்கின் முன் சஸ்பென்ஷன் கை அடிக்கடி உடைகிறது, அலுமினியம் போடலாமா?

வேண்டாம் என்பேன். டிராக்சஸ் ஸ்லாஷ் மாதிரியான 1/10 அளவு டிரக்கில் கை கொஞ்சம் வளைந்து கொடுத்தால்தான் அடி அங்கேயே அடங்கும். அலுமினியம் ஒருமுறை வளைந்தால் பழையபடி நிமிராது. வளையாவிட்டால் அடி பல்க்ஹெட்டுக்கோ (கைகள் மாட்டப்படும் தாங்கி) சேஸிக்கோ போகும். செலவு இன்னும் அதிகம். ஆர்பிஎம் நிறுவனத்தின் நைலான் கைகளைப் பாருங்கள், பார்க்க சாதுவாக இருந்தாலும் நன்றாகத் தாங்கும். உலோகம் தேவைப்படும் இடம் ஸ்டியரிங் சர்வோவின் (முன் சக்கரங்களைத் திருப்பும் சிறு மோட்டார்) பற்சக்கரம். ஆனால் சக்கரத்தில் படும் அடி சர்வோவுக்குப் போகாமல் தாங்கும் சர்வோ சேவரைக் கழற்றிவிடாதீர்கள்.

அப்புறம், தாவிய பின் டிரக் எப்படித் தரையிறங்குகிறது என்று கவனித்தீர்களா? ஸ்லாஷ் போன்ற ஷார்ட் கோர்ஸ் வகை டிரக்கின் பாடி அகலமானது, அடிப்பக்கம் திறந்தது. தாவும்போது காற்று உள்ளே மாட்டிக்கொண்டு, பாராசூட் போல வண்டியின் மூக்கைத் தூக்கிவிடும். பாடியின் பின்பகுதியில் ஓட்டை வெட்டினால் காற்று வெளியேறும் (வெட்டும் முன் உங்கள் பந்தய விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்). அந்தரத்தில் பிரேக்கைத் தட்டினால் மூக்கு இறங்கும், த்ராட்டில் கொடுத்தால் ஏறும். இறங்கும்போது சேஸி தரையில் மோதினால் ஷாக் அப்சார்பர் எண்ணெயை ஒரு படி கெட்டியாக்குங்கள்.