மவுஸின் வாலை வெட்டலாமா?

கணினி பற்றி எது வேண்டுமானாலும் கேட்கலாம் என்றுதான் இந்தப் பகுதியை நடத்துகிறோம். இந்த முறை வந்த கடிதங்கள் பெரும்பாலும் வயர்லெஸ் கீபோர்டு, மவுஸையே சுற்றி வந்தன. ஆகவே மற்றக் கேள்விகளை ஒதுக்கி வைத்துவிட்டு இதையே எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: வீட்டில் ஒரு மேசைக் கணினி இருக்கிறது. கீபோர்டு, மவுஸ் இரண்டும் பழசாகிவிட்டன. வயர்லெஸ் செட்டாகவே வாங்கிவிடலாம் என்கிறாள் மகள். வயர் இருப்பதுதான் நம்பகமானது என்கிறார் கணவர். யார் சொல்வதைக் கேட்பது?

மவுஸுக்கு மகள் சொல்வதைக் கேளுங்கள், கீபோர்டுக்குக் கணவர் சொல்வதை. வீட்டில் சமாதானம் நிலவட்டும் என்று சொல்லவில்லை, காரணத்தோடுதான் சொல்கிறேன்.

மவுஸ் ஓயாமல் நகர்கிற பொருள். அதன் வயர் மேசை விளிம்பில் சிக்கும், மானிட்டரின் காலில் மாட்டும். விறைப்பான வயராக இருந்தால் கையை எடுத்ததுமே மவுஸைப் பின்னுக்கு இழுக்கும். பழுது பார்க்க என்னிடம் வருகிற வயர் மவுஸ்களில் பெரும்பாலும் ஒரே கோளாறுதான். வயர் மவுஸுக்குள் நுழைகிற கழுத்துப் பகுதியில், வளைந்து வளைந்து, உள்ளே கம்பி அறுந்திருக்கும். ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால் வேலை செய்யும், விட்டால் நின்றுவிடும். வயரே இல்லையென்றால் இந்தத் தொல்லையும் இல்லை.

கீபோர்டு அப்படியா? வைத்த இடத்தில் வருடக்கணக்காகக் கிடக்கும். அதன் வயர் மானிட்டருக்குப் பின்னால் போய்விட்டால் கண்ணிலேயே படாது. அதை எடுத்துவிடுவதில் மேசை கொஞ்சம் அழகாகத் தெரியும், அவ்வளவுதான். அந்த அழகுக்காக பேட்டரி, கணினியில் செருகும் ரிசீவர், இணைப்பு என்று மூன்று புதிய கவலைகளை ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. கணினி மக்கர் செய்யும் நாளில் கீபோர்டாவது கேள்வி கேட்காமல் வேலை செய்ய வேண்டும் என்று நினைப்பவன் நான். என் மேசையிலும் வயர் கீபோர்டு, வயர்லெஸ் மவுஸ் என்றுதான் வைத்திருக்கிறேன்.

விதிவிலக்குகள் உண்டு. கணினியை டிவியோடு இணைத்து சோபாவில் உட்கார்ந்து பயன்படுத்துகிறீர்களா? அப்போது வயர்லெஸ் கீபோர்டுதான் சரி, அதிலும் ஓரத்தில் டச்பேடு உள்ளதாகப் பாருங்கள். ஒரே மேசையில் பிள்ளைகள் நோட்டுப் புத்தகம் வைத்து எழுதவும் வேண்டும், கீபோர்டை அடிக்கடி எடுத்து ஓரமாக வைக்க வேண்டும் என்றாலும் அப்படியே.

ஒன்று கவனிக்க வேண்டும். கீபோர்டும் மவுஸும் சேர்ந்து ‘காம்போ’ என்று வருவதில் இரண்டுக்கும் ஒரே ரிசீவர்தான் இருக்கும். அது தொலைந்தாலோ கெட்டாலோ இரண்டும் ஒரே நேரத்தில் படுத்துவிடும்.

கேள்வி: வயர்லெஸ் என்றால் டாங்கிள் வைத்ததா, ப்ளூடூத்தா? கடைக்காரர் இரண்டும் ஒன்றுதான் என்கிறார்.

அலைவரிசை ஒன்றுதான், இரண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸில் பேசுபவை. ஆனால் நடைமுறையில் ஒன்றல்ல.

டாங்கிள் என்பது யூஎஸ்பி துளையில் செருகுகிற, நகத்தளவு ரிசீவர். கணினியைப் பொறுத்தவரை அங்கே ஒரு சாதாரண யூஎஸ்பி கீபோர்டோ மவுஸோ செருகப்பட்டிருக்கிறது, அவ்வளவே. அதனால் கணினி கண் விழித்த நொடியிலிருந்தே அது வேலை செய்யும். பயாஸ் திரைக்குள், அதாவது விண்டோஸ் ஏறுமுன் வரும் அமைப்புத் திரைக்குள் போய் ஏதாவது மாற்ற வேண்டுமா, விண்டோஸ் ஏறாமல் கறுப்புத் திரையில் நின்றுகொண்டு ‘ஏதாவது ஒரு கீயை அழுத்தவும்’ என்கிறதா, டாங்கிள் கீபோர்டு கைகொடுக்கும். ப்ளூடூத் கீபோர்டு பெரும்பாலான கணினிகளில் விண்டோஸ் ஏறிய பிறகுதான் உயிர் பெறும். அதற்கு முன் நீங்கள் அழுத்துவது கணினிக்குத் தெரியாது. தவிர, மேசைக் கணினிகள் பலவற்றில் ப்ளூடூத் வசதியே இருக்காது, அதற்கும் தனியாக ஒரு டாங்கிள் வாங்கிச் செருக வேண்டும்.

லேப்டாப்பில் கதை வேறு. இருப்பதே இரண்டு யூஎஸ்பி துளை, அதில் ஒன்றை மவுஸுக்குக் கொடுக்க மனம் வராது. அங்கே ப்ளூடூத் நல்லது. டேப்லெட்டுக்கும் அதையே பயன்படுத்திக்கொள்ளலாம். மேசைக் கணினி மட்டும்தான் என்றால் டாங்கிளே போதும். எது வாங்கினாலும் பழைய வயர் கீபோர்டு வேலை செய்கிற நிலையில் இருந்தால் அதைத் தூக்கிப் போடாமல் பரணில் வையுங்கள். ஒருநாள் தேடுவீர்கள்.

கேள்வி: புது வயர்லெஸ் மவுஸ். எல்லா நேரமும் நன்றாகத்தான் ஓடுகிறது. வெளி ஹார்ட் டிஸ்கை இணைத்து படங்களைக் காப்பி செய்யும்போது மட்டும் அம்புக்குறி திக்கித் திக்கி நகர்கிறது. மவுஸைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?

கொடுக்காதீர்கள், மவுஸ்மேல் குற்றமில்லை. உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது: காப்பி செய்யும்போது மட்டும்!

யூஎஸ்பி 3.0 நொடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் தகவலைக் கடத்துகிறது. அந்த வேகத்தில் ஓடும்போது துளையிலிருந்தும் கேபிளிலிருந்தும் ஹார்ட் டிஸ்கிலிருந்தும் ரேடியோ இரைச்சல் கசிகிறது. அந்த இரைச்சல் பரவுகிற எல்லைக்குள்தான் 2.4 கிகாஹெர்ட்ஸும் வருகிறது, அதாவது உங்கள் மவுஸ் பேசுகிற அலைவரிசை. இன்டெல் நிறுவனமே 2012இல் இதை அளந்து பார்த்து, வயர்லெஸ் சாதனங்கள் இதனால் பாதிக்கப்படுகின்றன என்று அறிக்கை வெளியிட்டது. மவுஸின் பேட்டரி சின்னது, குரலும் சின்னது. ஹார்ட் டிஸ்க் செருகிய துளைக்குப் பக்கத்துத் துளையிலேயே டாங்கிளையும் செருகியிருந்தால் மவுஸ் சொல்வது அதற்கு எப்படிக் கேட்கும்?

செய்ய வேண்டியது எளிது. யூஎஸ்பி 3 துளைகள் பல கணினிகளில் உள்ளே நீல நிறத்தில் இருக்கும், யூஎஸ்பி 2 கறுப்பில் இருக்கும். டாங்கிளை நீலத் துளையிலிருந்து எடுத்து, ஹார்ட் டிஸ்கிலிருந்து எவ்வளவு தள்ளி முடியுமோ அவ்வளவு தள்ளி ஒரு கறுப்புத் துளையில் செருகுங்கள். மவுஸ் அனுப்புகிற தகவலுக்கு யூஎஸ்பி 2 தாராளம். அதிலும் சரியாகவில்லை என்றால் ஒரு முழ நீள யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி, டாங்கிளை அதன் முனையில் மாட்டி மேசைக்கு மேலே கொண்டுவந்துவிடுங்கள். வயரை ஒழிக்க வயர்லெஸ் வாங்கி, அதற்கு ஒரு வயரா என்று கேட்காதீர்கள். இந்த வயர் நகராது, இழுக்காது.

மேசைக்குக் கீழே இரும்புப் பெட்டி, அதன் பின்புறத்தில் டாங்கிள், மேலே பலகை, அதற்கும் மேலே மவுஸ் என்று வைத்திருப்பவர்களுக்கும் இதே வைத்தியம்தான். அட்டைப்பெட்டியில் ‘10 மீட்டர் வரை’ என்று போட்டிருப்பது நடுவில் எதுவும் மறிக்காத இடத்துக்கு. இரும்புப் பெட்டி நடுவில் நின்றால் 1 மீட்டரிலேயே திணறும். முன்பக்கத் துளைக்கு மாற்றுங்கள்.

கேள்வி: மாசத்துக்கு ஒரு தடவை பேட்டரி மாற்ற வேண்டுமாமே, உண்மையா?

இல்லை. நல்ல மவுஸில் ஒரு டபுள்-ஏ பேட்டரி பல மாதங்கள் வரும். கீபோர்டு அதைவிடச் சிக்கனம், விளக்கு எரியாத சாதாரண கீபோர்டில் ஒரு ஜோடி பேட்டரி வருடங்கள்கூட ஓடும். கீபோர்டு நீங்கள் அழுத்தினால் மட்டும் விழித்துக்கொள்கிறது. மவுஸோ நகர்கிற நேரமெல்லாம் அடியில் ஒளியைப் பாய்ச்சி மேசையைப் படம் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். கீகளுக்கு அடியில் விளக்கு எரிகிற கீபோர்டு வாங்கினால் மட்டும் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும்.

ஆனால் அந்தச் சிக்கனத்திலேயே ஓர் ஆபத்து இருக்கிறது. பேட்டரி போட்டதையே மறந்துவிடுவோம். மறந்த பேட்டரி ஒழுகும். கீபோர்டைத் திருப்பி மூடியைத் திறந்தால் வெள்ளையாகப் பூத்திருக்கும், ஸ்பிரிங் அரித்துப்போயிருக்கும். வயர்லெஸ் கீபோர்டுகள் சாவது பெரும்பாலும் இப்படித்தான், கீ தேய்ந்து அல்ல. ஆல்கலைன் பேட்டரி கக்கியது காரம் என்பதால், பஞ்சு சுற்றிய குச்சியில் கொஞ்சம் வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்டுத் துடைத்தால் கரையும். அப்புறம் ஈரத் துணியால் ஒற்றி, நன்றாகக் காயவிட்டுப் புது பேட்டரி போட்டுப் பாருங்கள், பல சமயம் பிழைத்துக்கொள்ளும். வெறும் கையால் தொடாதீர்கள். பழையதும் புதியதுமாகக் கலந்து போடுவதும் ஒழுகலுக்கு வழி. ஊருக்குப் போகிறீர்கள், இரண்டு மாதம் கணினியைத் தொடப்போவதில்லை என்றால் பேட்டரியைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

மறுபடி சார்ஜ் செய்கிற பேட்டரியும் போடலாம். சாதாரண பேட்டரி 1.5 வோல்ட், இது 1.2 வோல்ட். அதனால் முழுதாகச் சார்ஜ் செய்து போட்டாலும் சில சாதனங்கள் ‘பேட்டரி குறைவு’ என்று காட்டும். பயப்பட வேண்டாம்.

கேள்வி: ஒரே அறையில் இரண்டு கணினி, இரண்டிலும் ஒரே கம்பெனியின் ஒரே மாடல் வயர்லெஸ் செட். நான் அடிப்பது தம்பியின் திரையில் போய் விழுமா?

விழாது. ஒவ்வொரு மவுஸும் கீபோர்டும் தன்னுடைய டாங்கிளோடு மட்டும் பேசும்படி தொழிற்சாலையிலேயே ஜோடி சேர்த்து அனுப்புகிறார்கள். இரண்டு டாங்கிளையும் மாற்றிச் செருகிக்கொண்டால்தான் குழப்பம் வரும், அப்போது ஒருவர் அடிப்பது மற்றவர் திரையில் நன்றாகவே தெரியும். டாங்கிளில் பேனாவால் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள்.

உங்கள் பயத்துக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. 1984இல் ஐபிஎம் நிறுவனம் பிசிஜூனியர் என்ற வீட்டுக் கணினியை வயர் இல்லாத கீபோர்டோடு விற்றது. டிவி ரிமோட்போல அகச்சிவப்பு ஒளியில் வேலை செய்கிற கீபோர்டு அது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வைத்தால் ஒன்றின் வேலையில் இன்னொன்று மூக்கை நுழைத்தது. அதற்கென்று மாட்டிக்கொள்ளத் தனியாக ஒரு வயரையும் அந்த நிறுவனமே விற்றது.

கேள்வி: வயர்லெஸ் கீபோர்டில் வங்கிக் கணக்கின் பாஸ்வேர்டு அடிக்கலாமா? காற்றில் போவதை யாராவது ஒட்டுக்கேட்க முடியாதா?

கேட்க முடிந்தது, அதுவும் வெகு எளிதாக. 2016இல் பாஸ்டில் என்ற பாதுகாப்பு நிறுவனம் இரண்டு குறைகளை வெளியிட்டது. ஒன்று, பெரிய கம்பெனிகள் பலவற்றின் டாங்கிள்கள் வெளியாள் அனுப்பும் கீ அழுத்தங்களையும் தன் மவுஸோ கீபோர்டோ அனுப்பியது என்று நினைத்து ஏற்றுக்கொண்டன. இன்னொன்று, மலிவு விலைக் கீபோர்டுகள் சில, அடிக்கிற எழுத்தைப் பூட்டாமல் கொள்ளாமல் அப்படியே காற்றில் விட்டன. சுமார் 250 அடி தூரத்திலிருந்தே அதைப் படிக்கலாம் என்று காட்டினார்கள். அடுக்குமாடி வீட்டில் 250 அடிக்குள் எத்தனை குடும்பங்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

அதனால் பெயர் தெரியாத மலிவு செட்டில் மவுஸ் வேண்டுமானால் வாங்குங்கள், கீபோர்டு வேண்டாம். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் பெட்டியில் ஏஇஎஸ் (AES) 128-பிட் குறியாக்கம், அதாவது எழுத்தைப் பூட்டி அனுப்பும் முறை, என்று இருக்கிறதா பாருங்கள். பழைய டாங்கிள்களில் சிலவற்றுக்கு அந்தந்தக் கம்பெனியே திருத்திய மென்பொருள் கொடுத்தது, உங்களுடையது பழைய மாடல் என்றால் அவர்கள் தளத்தில் தேடுங்கள். பக்கத்து வீட்டில் ஆன்டெனாவோடு யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் பாஸ்வேர்டு அடிப்பவருக்கு வயர் கீபோர்டு இருக்கும்போது இந்தக் கவலையே எதற்கு?

கேள்வி: வயர்லெஸ் மவுஸ் தாமதமாக வேலை செய்யும் என்கிறான் கேம் ஆடும் மகன்.

சாதாரண மவுஸ் நொடிக்கு 125 முறை தன் இருப்பிடத்தைச் சொல்கிறது, அதாவது 8 மில்லி நொடிக்கு ஒருமுறை. பெரும்பாலான வீடுகளில் இருக்கிற 60 ஹெர்ட்ஸ் திரை படத்தை மாற்றுவதற்கே 16 மில்லி நொடிக்கு மேல் ஆகிறது. கடிதம் எழுதுபவருக்கும் கணக்கு போடுபவருக்கும் மவுஸின் தாமதம் தெரியப்போவதில்லை. கேமுக்கென்றே வருகிற டாங்கிள் மவுஸ்கள் 1 மில்லி நொடிக்கு ஒருமுறை பேசுபவை, அதிலும் அவன் குறை சொன்னால் விளையாட்டில் தோற்றதற்குக் காரணம் தேடுகிறான்.

கேள்வி: தமிழ்99 முறையில் தட்டச்சு செய்கிறேன். வயர்லெஸ் கீபோர்டு ஒத்துவருமா?

ஒத்துவரும். எந்தக் கீக்கு எந்த எழுத்து என்பதைக் கணினியில் உள்ள மென்பொருள்தான் முடிவு செய்கிறது. பழைய கீபோர்டில் எழுத்து ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் புதியதில் மறுபடி ஒட்ட வேண்டும். சின்ன அளவு வயர்லெஸ் கீபோர்டுகளில் நிறுத்தற்குறிக் கீகள் சுருங்கியோ இடம் மாறியோ இருக்கும், வாங்குமுன் விரலை வைத்துப் பாருங்கள்.

கேள்வி: டாங்கிளைத் தொலைத்துவிட்டேன். மவுஸ் இருக்கிறது. டாங்கிள் மட்டும் கிடைக்குமா?

முதலில் மவுஸின் பேட்டரி மூடியைத் திறந்து பாருங்கள். பல மவுஸ்களில் டாங்கிளை வைக்க அங்கே ஒரு பொந்து இருக்கும், யாராவது பத்திரமாக வைத்திருப்பார்கள்.

இல்லையா? அடியில் மாடல் எண்ணையும், ஆரஞ்சு நிறத்தில் சின்ன நட்சத்திரக் குறி இருக்கிறதா என்றும் பாருங்கள். லாஜிடெக் கம்பெனியின் யூனிஃபையிங் வகை அது. அந்த வகை டாங்கிளைத் தனியாக வாங்கி, அவர்கள் தரும் மென்பொருளால் ஜோடி சேர்க்கலாம். ஒரே டாங்கிளில் ஆறு சாதனம் வரை சேரும், வீட்டில் அதே குறியோடு வேறு டாங்கிள் இருந்தால் வாங்கவும் வேண்டாம். மவுஸில் ப்ளூடூத்தும் சேர்ந்து இருக்கிறதா பாருங்கள், இருந்தால் டாங்கிள் இல்லாமலே ஓட்டலாம். இவை எதுவும் இல்லாத மலிவு மவுஸ் என்றால் வேறு டாங்கிளோடு அது சேராது. பேட்டரியை எடுத்து வைத்துக்கொண்டு புது மவுஸ் வாங்கிவிடுங்கள்.