சேற்றில் ஓடும் சின்னப் பறவைகள்

வணக்கம். அக்டோபர் மூன்றாவது வாரம் குடும்பத்தோடு கோடியக்கரை போயிருந்தோம். மகளுக்குப் பூநாரை பார்க்க வேண்டும் என்று ஆசை. தொலைவில் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்ததோடு சரி. மற்றபடி சேற்றில் ஓடும் சின்னச் சின்னப் பழுப்புப் பறவைகள்தான். வலசை என்பது இவ்வளவுதானா? ஜனவரியில் போயிருக்க வேண்டுமா?

வாசகர், மன்னார்குடி

அன்புள்ள நண்பருக்கு,

பூநாரைக்கு ஜனவரி நல்ல மாதம். ஆனால் வலசை பார்க்க நீங்கள் சரியான நேரத்தில்தான் போயிருக்கிறீர்கள்.

நீங்கள் பார்த்தவற்றில் பல கொசு உள்ளானாக இருக்கும். சிட்டுக்குருவி அளவுதான், எடை சுமார் 25 கிராம். ஆர்க்டிக் ஓரத்தில், மரமே வளராத நிலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வருகிறது. கூடவே வளைமூக்கு உள்ளானும் இருந்திருக்கும். அதில் ஆண் பறவைகள் ஜூலையிலேயே கிளம்பிவிடும், அப்புறம் பெண் பறவைகள். அந்த ஆண்டுக் குஞ்சுகள் கடைசியாக, பெற்றோர் துணையில்லாமல் சைபீரியாவிலிருந்து புறப்படுகின்றன. பிறந்து நாலு மாதம்கூட ஆகாத பறவை வேதாரண்யம் சதுப்புக்கு வந்து இரை தேடுகிறது! எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு மலைப்பாகவே இருக்கிறது. மகளிடம் இதை அவசியம் சொல்லுங்கள்.

கொசு உள்ளானுக்குக் கால் குட்டை. ஈரச் சேறும் விரற்கடை ஆழத் தண்ணீரும்தான் அதற்குத் தோது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சதுப்பு நிரம்பிவிட்டால் வேறு இடம் பார்த்து ஒதுங்கிவிடும். நெடுங்கால் பூநாரைக்கு அந்தக் கவலை இல்லை.

அடுத்த முறை வெயில் முதுகில் படும்படி ஓரிடத்தில் உட்கார்ந்துவிடுங்கள். உப்புக்கொத்தி நாலடி ஓடும், சட்டென்று நிற்கும், கண்ணால் பார்த்துக் கொத்தும். வளைமூக்கு உள்ளான் வயிறு நனையும் நீரில் நின்று அலகை உள்ளே விட்டுத் துழாவும். கொசு உள்ளான் நிற்கவே நிற்காது, ஓடிக்கொண்டே மேலாக இருப்பதைப் பொறுக்கும். ஒரே சேறு, ஆனால் ஆளுக்கொரு ஆழம்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். படம் எடுப்பதற்காகக் கூட்டத்தை எழுப்பிவிடாதீர்கள். பறந்து களைத்து வந்தவை, தின்று உடம்பைத் தேற்றிக்கொள்ளும் நேரம் அது. வளைமூக்கு உள்ளானின் எண்ணிக்கை உலக அளவில் சரிந்து, 2024இல் உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயுசிஎன்னின் பட்டியலில் அழியும் அபாயமுள்ள இனமாகிவிட்டது.

அக்டோபரிலேயே மறுபடி போவதென்றால் காட்டுக்குள்ளும் ஒரு காலை நடந்து பாருங்கள். இலங்கைக்குப் போகும் ஆறுமணிக்குருவி அப்போது சருகுகளைக் கிளறிக்கொண்டிருக்கும். உப்பளப் பக்கம் போக முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.